பதிவில் இடம்பெறாத பயன்: சென்னைப் பொதுப் பூங்காக்களின் வரலாறு

ஆய்வுச் சுருக்கம்

சென்னையின் முதல் பெரிய பொதுப் பூங்காவான மக்கள் பூங்கா 1859இல் தொடங்கப்பெற்றது. ஏறத்தாழ 116 ஏக்கர் பரப்பினதாக இருந்த அப்பூங்கா, அடுத்த நூற்றைம்பது ஆண்டுகளில் மண்டபம், சந்தை, மாநகராட்சி மாளிகை, விளையாட்டரங்கம், இரயில்வே வளாகம் எனப் பல பொதுத் தேவைகளுக்குப் பகுதி பகுதியாகக் கொடுக்கப்பட்டுச் சிறு தோட்டமாகச் சுருங்கியது. இச்சுருக்கத்தைப் பேராசையின் விளைவாக மட்டும் கொள்ள இயலாது. பூங்காவின் இடத்தைப் பெற்றவற்றுள் பெரும்பாலானவை பொதுமக்களுக்கு உரியனவே. பூங்காவில் மக்கள் அமைதியாக நடப்பதும் அமர்வதுமாகிய அன்றாடப் பயன்பாடு எந்த ஆவணத்திலும் முறையாகப் பதிவு பெறவில்லை என்பதும், அதனால் பூங்கா ‘காலி நிலம்’ எனக் கருதப்பட்டது என்பதும் இக்கட்டுரையின் கருதுகோள். மக்கள் பூங்காவின் வரலாற்றைத் தியாகராய நகர்ப் பனகல் பூங்கா முதலிய வட்டாரப் பூங்காக்களோடு ஒப்பிட்டு இக்கருதுகோள் ஆராயப்படுகிறது.

திறவுச் சொற்கள்: பொதுப் பூங்கா, மக்கள் பூங்கா, பனகல் பூங்கா, சென்னை நகர வரலாறு, பொது இடம், நந்தவனம், ஆவணம்.

முன்னுரை

நகர வரலாறு பெரும்பாலும் கட்டடங்களின் வரலாறாகவே எழுதப்பட்டு வந்துள்ளது. கோட்டை, கோயில், நீதிமன்றம், கல்லூரி, இரயில் நிலையம் ஆகியவற்றுக்கு அடிக்கல் நாட்டிய நாளும் திறப்பு விழா நாளும் உண்டு. கட்டியவர் பெயர் கல்வெட்டில் இருக்கும். செலவான தொகை கணக்கில் இருக்கும். இத்தகைய சான்றுகளைக் கொண்டு வரலாற்றாசிரியர் கட்டடத்தின் கதையைத் தொடக்கம் முதல் இறுதி வரை கோவைப்படுத்திவிட முடிகிறது.

பொதுப் பூங்காவின் நிலை வேறு. அதற்கும் தொடக்க நாள் உண்டு. ஆனால் அதன் உண்மையான பயன், காலையில் நடக்க வரும் முதியவரிடமும் நண்பகலில் மரநிழலில் படுத்திருக்கும் தொழிலாளியிடமும் மாலையில் குழந்தையை அழைத்துவரும் தாயிடமும் உள்ளது. இவர்கள் வந்ததற்கும் சென்றதற்கும் பதிவேடு இல்லை. பூங்காவில் கலவரம் நிகழ்ந்தால், கூட்டம் நடந்தால், தீப்பற்றினால் செய்தி உண்டு. ஒன்றும் நிகழாத நாள்களே பூங்காவின் வெற்றி. அந்நாள்களைப் பற்றியே ஆவணம் மௌனமாக இருக்கிறது.

இம்மௌனம் ஆய்வாளருக்கு மட்டுமே உரிய இடர்ப்பாடு அன்று. ஒரு நிலத்தை வேறு பயன்பாட்டுக்கு மாற்றலாமா என முடிவு செய்யும் அலுவலரும் அதே ஆவணத்தையே புரட்டுகிறார். அங்குப் பயன் பதிவாகாவிடில் நிலம் பயனற்றதாகத் தோன்றுகிறது. ஆகவே ஆவணத்தின் மௌனம் பூங்காவின் இருப்பையே தீர்மானிக்கும் ஆற்றல் பெறுகிறது. இதனைச் சென்னையின் சான்றுகளைக் கொண்டு காண்பதே இக்கட்டுரையின் நோக்கம்.

கா, நந்தவனம், பூங்கா

பூவும் காவும் சேர்ந்த ‘பூங்கா’ என்னும் சொல் தமிழுக்குப் புதியது அன்று. கா, சோலை, பொழில், தண்டலை எனத் தோட்டத்தைக் குறிக்கும் சொற்கள் தமிழில் பல. எனினும், யாவரும் கேளாமல் நுழையத்தக்க, நகராட்சியால் பேணப்படும் நிலம் என்னும் பொருள் அச்சொல்லுக்குப் பிற்காலத்தில் ஏறியதாகும்.

இவ்வேறுபாட்டை மணிமேகலைக் காப்பியத்தின் மலர்வனம் புக்க காதை கொண்டு விளக்கலாம். புகார் நகரத்தில் மலர் கொய்யப் புறப்படும் மணிமேகலைக்கு எந்தச் சோலை ஏற்றது என்னும் வினா எழுகிறது. இலவந்திகை அரசனைச் சார்ந்தோர் உலவும் இடம். உய்யானம் தேவர்க்குரிய மலர்களை உடையது. பூதங்களின் காவலில் உள்ளது. சம்பாதி வனமும் கவேர வனமும் தெய்வக் காவல் உடையன. இறுதியில் எஞ்சுவது புத்த பீடிகை அமைந்த உவவனம். அரசு, தெய்வம், சமயம் என ஒவ்வொரு சோலையும் ஏதேனும் ஓர் உரிமைக்குட்பட்டதாகவே அங்குப் பேசப்படுகிறது. யாருக்கும் தனியே உரியதல்லாத, எனவே யாவர்க்கும் உரிய சோலை என்னும் கருத்து அப்பட்டியலில் இல்லை. இளம்பெண் ஒருத்தி தடையும் அச்சமுமின்றிச் செல்லத்தக்க தோட்டம் எது என்னும் அவ்வினா இன்றைய பூங்காக்களுக்கும் பொருந்துவதே.

இடைக்காலக் கல்வெட்டுகளில் கோயில் நந்தவனங்கள் பற்றிய குறிப்புகள் மிகுதி. நந்தவனத்திற்கென விடப்பட்ட நிலம் ‘திருநந்தவனப்புறம்’ எனப்பட்டது. தோட்டம் இடுவோர்க்கும் மாலை தொடுப்போர்க்கும் உரிய வாழ்வூதியம் கல்லில் பொறிக்கப்பட்டது. நந்தவனம் ஆவணத்தில் உறுதியான இடம் பெற்றதற்குக் காரணம், அதன் விளைபொருள் அளவிடத்தக்கதாக இருந்தமையே எனலாம். இன்ன கோயிலுக்கு இத்தனை மாலை என்னும் கடமை அதற்கு உண்டு. கடமை தவறினால் கேட்பதற்கு ஆளும் உண்டு. பொதுப் பூங்காவுக்கோ அளக்கத்தக்க விளைபொருள் இல்லை. அதில் விளைவது மக்களின் ஓய்வு. இவ்விளைச்சலைக் கணக்கில் எழுதும் மரபு உருவாகவில்லை.

மக்கள் பூங்காவின் தோற்றம்

பொதுப் பூங்கா என்னும் நிறுவனம் தொழிற்புரட்சிக்காலப் பிரித்தானியாவில் உருப்பெற்றது. 1833இல் பிரித்தானியப் பாராளுமன்றம் பொது நடைவெளிகள் குறித்து ஆராயக் குழு அமைத்தது. ஆலை நகரங்களில் உழைப்போர்க்கு விடுமுறை நாளில் நடக்கத் திறந்தவெளி இல்லை என்பதை அக்குழு சுட்டியது. 1840இல் டார்பி மரத்தோட்டமும் 1847இல் பர்க்கன்ஹெட் பூங்காவும் திறக்கப்பெற்றன. 1857இல் ஹாலிபாக்ஸ் நகரில் திறக்கப்பெற்ற பூங்காவுக்கு ‘மக்கள் பூங்கா’ என்றே பெயர். திறந்தவெளியைத் தருவதன்வழி உழைக்கும் மக்களை மதுக்கடையிலிருந்து விலக்கி, ‘நல்லொழுக்கம்’ பயிற்றலாம் என்னும் எண்ணமும் இம்முயற்சிகளில் கலந்திருந்தது.

1859இல் சென்னை மாகாண ஆளுநராகப் பொறுப்பேற்ற சார்லஸ் டிரெவெலியன் இக்கருத்தைச் சென்னைக்குக் கொணர்ந்தார். அதற்கு முன்னரே, 1835இல் தோன்றிய வேளாண் தோட்டக்கலைச் சங்கத்தின் தோட்டம் நகரில் இருந்தது. ஆனால் அது உறுப்பினர்களைக் கொண்ட சங்கத்தின் தோட்டம். டிரெவெலியன் தொடங்கியதோ பெயராலேயே மக்களுக்குரியது எனக் குறிக்கப்பட்டது. பூந்தமல்லி நெடுஞ்சாலையை ஒட்டி அமைந்த இப்பூங்கா ஏறத்தாழ 116 ஏக்கர் பரப்பும், பதினொரு குளங்களும், ஐந்தரை மைல் நீளமுள்ள பாதைகளும், இசைமேடையும் கொண்டிருந்ததாகச் சென்னை வரலாற்று நூல்கள் குறிப்பிடுகின்றன. வருமான வரியை வெளிப்படையாக எதிர்த்தமையால் டிரெவெலியன் 1860இல் திரும்ப அழைக்கப்பட்டார். பூங்கா மாநகராட்சியின் பொறுப்பில் வளர்ந்தது.

எழும்பூர் அருங்காட்சியகத்தின் பொறுப்பாளராக இருந்த எட்வர்டு பால்போர் 1855இல் அவ்வளாகத்தில் தொடங்கிய விலங்குக் காட்சி, 1860களின் தொடக்கத்தில் மக்கள் பூங்காவுக்கு மாற்றப்பட்டது. சென்னை மக்கள் வழக்கில் அருங்காட்சியகம் ‘செத்த காலேஜ்’ என்றும் விலங்குக்காட்சிச் சாலை ‘உயிர்க் காலேஜ்’ என்றும் பெயர் பெற்றன. ஆங்கிலேய நிருவாகம் இட்ட பெயர்களுக்கு அப்பால், வந்து கண்டவர்கள் தாமே இட்ட பெயர்கள் இவை. எழுத்து ஆவணத்தில் அகப்படாத பூங்கா வருகையாளரின் குரல் இத்தகைய வழக்காறுகளில் எஞ்சி நிற்கிறது. ஆகவே இவற்றை வேடிக்கைப் பெயர்களாகக் கருதி ஒதுக்காமல், வருகையாளர் விட்டுச்சென்ற முதன்மைச் சான்றாகவே கொள்ள வேண்டும்.

பூங்காவை ஒட்டிய பகுதி ‘பூங்கா நகர்’ எனவும், அருகிலுள்ள இரயில் நிலையம் ‘பூங்கா நிலையம்’ எனவும் வழங்கலாயின. பூங்காவின் பெரும்பகுதி மறைந்த பின்னரும் இப்பெயர்கள் வழக்கில் உள்ளன.

பூங்கா சுருங்கிய வரலாறு

மக்கள் பூங்கா குறித்த சான்றுகளுள் பரவலாக அறியப்பட்டது ஒரு பேரிடர். 1886 டிசம்பர் 31 அன்று பூங்காவில் நடைபெற்ற ஆண்டுச் சந்தையில் தீப்பற்றியதில் பல நூறு பேர் மாண்டனர். அன்றைக்கு முன்னும் பின்னும் ஆயிரக்கணக்கான மாலைகளில் மக்கள் அங்கு வந்து அமர்ந்து வீடு திரும்பியிருப்பர். ஒரு நாளின் அழிவு வரலாற்றில் நிலைபெற, எண்ணிறந்த நாள்களின் இயல்பு வாழ்வு அதில் இடம்பெறாது போயிற்று.

பூங்காவின் நிலம் பிற பயன்பாடுகளுக்கு மாறியதைக் கால வரிசையில் பின்வருமாறு தொகுக்கலாம்.

முதலாவது, நகர மண்டபம். ராபர்ட் சிஷோமின் வடிவமைப்பில் நம்பெருமாள் செட்டி கட்டிய விக்டோரியா பொது மண்டபம் 1888-1890ஆம் ஆண்டுகளில் பூங்கா நிலத்தில் எழுந்தது. நகரின் பொதுக்கூட்டங்களும், பம்மல் சம்பந்த முதலியாரின் சுகுண விலாச சபை நாடகங்களும் நிகழ்ந்த இம்மண்டபம் தமிழ் நாடக வரலாற்றில் மறுக்கவியலாத இடமுடையது.

இரண்டாவது, சந்தை. பிராட்வேப் பகுதியின் நெருக்கடியைக் குறைக்கும் நோக்குடன் மாநகராட்சித் தலைவர் ஜார்ஜ் மூர் காலத்தில் 1898இல் அடிக்கல் நாட்டப்பெற்று 1900இல் திறக்கப்பெற்றது மூர் மார்க்கெட். பழைய நூல்களைத் தேடி வந்த தமிழறிஞர்களுக்கும் மாணவர்களுக்கும் அது அறிவுச் சந்தையாகவும் விளங்கிற்று.

மூன்றாவது, மாநகராட்சி மாளிகை. 1909இல் மிண்டோ பிரபு அடிக்கல் நாட்ட, 1913இல் ரிப்பன் மாளிகை திறக்கப்பெற்றது. பூங்காவைக் காக்க வேண்டிய அமைப்பே பூங்கா நிலத்தில் தன் இருக்கையை அமைத்துக்கொண்டது.

நான்காவது, விளையாட்டுத் திடல்கள். பூங்காவின் மற்றொரு பகுதி விளையாட்டுகளுக்கு உரியதாகிப் பின் மாநகராட்சி விளையாட்டரங்காயிற்று. அவ்விடத்திலேயே 1993இல் ஜவஹர்லால் நேரு விளையாட்டரங்கம் புதிதாக எழுந்தது.

ஐந்தாவது, இரயில்வே. 1985 மே மாதத்தில் மூர் மார்க்கெட் தீக்கிரையானது. அந்நிலத்தில் புறநகர் இரயில் முனையமும் பயணச்சீட்டு முன்பதிவு வளாகமும் எழுந்தன. இடம்பெயர்ந்த வணிகர்களுக்காகப் பூங்காவின் அல்லிக்குளம் இருந்த இடத்தில் கட்டப்பட்ட வணிக வளாகம் இன்றும் குளத்தின் பெயரையே தாங்கியுள்ளது. அதே 1985இல் விலங்குக்காட்சிச் சாலை வண்டலூரில் புதிய வளாகமாகத் திறக்கப்பெற்றது.

இவற்றுக்குப் பின் பூங்காவின் எச்சமாக நின்றது, ரிப்பன் மாளிகைக்குப் பின்புறம் உள்ள ‘மை லேடீஸ் கார்டன்’ எனப்படும் தோட்டம். மலர்க்காட்சிகளால் அறியப்பட்ட அத்தோட்டத்தில் நடப்பவர், தாம் ஒரு பெரும் பூங்காவின் மூலையில் நிற்பதை உணர்வதற்குரிய அடையாளம் குறைவு.

இவ்வரிசை முழுவதிலும் ஒரு பொதுத்தன்மை தெரிகிறது. மண்டபம், சந்தை, மாநகராட்சி, விளையாட்டரங்கம், இரயில்வே ஆகிய யாவும் பொதுமக்களுக்குப் பயன்படுவன. ஒவ்வொன்றின் தேவையும் அவ்வக்காலத்தில் மெய்யானது. ஒவ்வொன்றுக்கும் தலைவர், வடிவமைப்பாளர், மதிப்பீடு, வரைபடம், திறப்பு விழா ஆகியன இருந்தன. எதிர்த் தட்டில் இருந்த பூங்காவுக்கோ மரங்களும் பெயரறியா வருகையாளர்களும் மட்டுமே இருந்தனர். பொது நன்மைக்கும் தனியார் நலனுக்கும் இடையில் போட்டி எழும்போது பொது நன்மையின் பக்கம் பேசுவோர் உண்டு. இரண்டு பொது நன்மைகளுக்கு இடையில் போட்டி எழும்போது எண்ணத்தக்கது வெல்கிறது. எண்ணவியலாதது இடம் விட்டு விலகுகிறது. மக்கள் பூங்காவின் வரலாறு இவ்விதிக்குச் சான்றாகிறது.

வட்டாரப் பூங்கா: பனகல் பூங்காவும் பிறவும்

மக்கள் பூங்கா நகர் முழுவதற்கும் உரியதாக இருந்தது. அதனாலேயே அது எந்தத் தெருவுக்கும் தனியுரிமை உடையதாக இல்லை. 1920இன் சென்னை நகரத் திட்டமிடல் சட்டத்திற்குப் பின் உருவான குடியிருப்புகளில் இதற்கு மாறான அமைப்பைக் காண்கிறோம். நீண்ட ஏரியின் படுகையில் 1920களில் உருவான தியாகராய நகரில் பூங்கா முதலில் வரையப்பெற்றது. தெருக்கள் அதனைச் சார்ந்து அமைந்தன. 1921 முதல் 1926 வரை சென்னை மாகாண முதன்மை அமைச்சராக இருந்த பனகல் அரசர் இராமராயநிங்கரின் பெயரைப் பெற்ற பனகல் பூங்காவைச் சுற்றி உஸ்மான் சாலை, வேங்கடநாராயணா சாலை, கோபதி நாராயணசாமி செட்டி சாலை, தியாகராய சாலை முதலிய சாலைகள் பிரிந்து செல்கின்றன. நகரின் பெயரில் தியாகராயரும் பூங்காக்களின் பெயர்களில் பனகல் அரசரும் நடேச முதலியாரும் இடம்பெற்றிருப்பதால், நீதிக்கட்சியின் நினைவு அவ்வட்டாரத்தின் நில அமைப்பிலேயே பதிந்துள்ளது.

இக்காலப் பகுதிக்கு மற்றொரு சிறப்பும் உண்டு. 1924இல் சென்னைச் சட்டமன்றத்தில் இரட்டைமலை சீனிவாசன் கொணர்ந்த தீர்மானம், பொதுச் சாலை, தெரு, கிணறு, குளம், அலுவலகம், பொதுமக்கள் கூடும் இடங்கள் ஆகியவற்றில் ஒடுக்கப்பட்டோர் தடையின்றிச் செல்லும் உரிமையை உறுதிசெய்தது. 1925இல் அது அரசிதழில் வெளியாயிற்று. ‘மக்கள்’ என்னும் சொல்லை 1859இல் ஆளுநர் ஒருவர் பூங்காவின் பெயரில் சேர்த்தார். அச்சொல் யாரை உள்ளடக்கும் என்பதற்கு அறுபத்தைந்து ஆண்டுகள் கழித்து ஒடுக்கப்பட்டோரின் பிரதிநிதி ஒருவரே சட்டமன்றத்தில் போராடி விடை பெறவேண்டியிருந்தது. எனவே பொதுப் பூங்காவில் ஒருவர் எவரையும் கேளாமல் நுழைந்து விரும்பிய இருக்கையில் அமர்வது, சாதிப் படிநிலை தெருவையும் கிணற்றையும் பிரித்திருந்த சமுதாயத்தில் எளிய செயல் அன்று. அமைதியாக அமர்ந்திருத்தல் என்பதே இங்கு ஓர் உரிமையின் நடைமுறையாகிறது.

மயிலாப்பூர் லஸ் பகுதியில், அமிர்தாஞ்சன் நிறுவனரும் இதழாளருமான காசிநாதுனி நாகேசுவரராவின் பெயரில் அமைந்த பூங்காவும் வட்டாரப் பூங்காவின் இயல்புக்குச் சான்று. அதன் வாயிலுக்கு வருவோரில் பலர் நடந்தே வரும் தொலைவில் வாழ்வோர். ஒரே நேரத்தில், ஒரே பாதையில் நாள்தோறும் வருவதால் ஒருவரையொருவர் முகத்தால் அறிவர். பெயர் அறியாமலேயே நலம் கேட்பர். வழக்கமாக வருபவர் சில நாள் வராவிடில் அவ்வில்லாமை கவனிக்கப்படும். எழுத்துப் பதிவேடு இல்லாத இடத்தில் வட்டாரத்தாரின் நினைவே பதிவேடாகச் செயற்படுகிறது. மரம் ஒன்று வெட்டப்பட்டால், வேலி ஒன்று இடம் மாறினால் முதலில் அறிவோர் அவர்களே. அமெரிக்க நகரங்களைப் பற்றி 1961இல் எழுதிய ஜேன் ஜேக்கப்ஸ், பூங்கா தன்னளவில் சுற்றுப்புறத்தை மேம்படுத்திவிடுவதில்லை என்றும், சுற்றியுள்ளோரின் பலதரப்பட்ட பயன்பாடே பூங்காவுக்கு உயிர் தருகிறது என்றும் வாதிட்டார். சென்னைச் சான்றுகள் இக்கருத்தை உறுதிசெய்வதோடு, அப்பயன்பாடே பூங்காவின் காவலாகவும் அமைகிறது என்னும் கூடுதல் செய்தியைத் தருகின்றன.

எனினும் இக்காவலுக்கும் எல்லை உண்டு. மெட்ரோ இரயிலின் இரண்டாம் கட்டப் பணியில் பனகல் பூங்காவின் ஒரு பகுதி நிலையக் கட்டுமானத்திற்காக அடைக்கப்பட்டது. மெட்ரோவின் பயணிகளை எண்ணலாம். பூங்காவின் நடைப்பயிற்சியாளரை எவரும் எண்ணியதில்லை. மக்கள் பூங்காவில் கண்ட அதே சமனின்மை இங்கும் தொடர்கிறது.

பூங்கா எப்போதும் அமைதியின் இடமாகவே இருந்ததில்லை என்பதும் குறிக்கத்தக்கது. 1949 செப்டம்பரில் திராவிட முன்னேற்றக் கழகத்தின் தொடக்கப் பொதுக்கூட்டம் இராயபுரம் ராபின்சன் பூங்காவில் கொட்டும் மழையில் நடைபெற்றது. அந்த ஒரு மாலையால் அப்பூங்கா தமிழக அரசியல் வரலாற்றில் நிலைத்த இடம் பெற்றது. பின்னர் அது அண்ணாவின் பெயரையும் பெற்றது. ஆயின் கூட்டத்திற்கு மறுநாள் அங்கு வந்து அமர்ந்தவர் யார் என்பதை எந்த வரலாறும் கேட்டதில்லை. கூட்டம் நடத்த இடம் இருந்ததே, கூட்டம் நடவாத நாள்களில் அவ்விடத்தை மக்கள் தமதாகக் கொண்டு பேணியதால்தான் என்பதை மறந்துவிடலாகாது.

சட்டமும் பட்டியலும்

1959ஆம் ஆண்டின் பூங்காக்கள், விளையாட்டுத் திடல்கள், திறந்தவெளிகள் (பாதுகாத்தல் மற்றும் முறைப்படுத்தல்) சட்டம், மக்கள் பூங்கா தொடங்கி நூறாண்டு நிறைந்த ஆண்டில் இயற்றப்பட்டது என்பது தற்செயலான பொருத்தம். உள்ளாட்சி அமைப்புகள் தம் எல்லையில் உள்ள பூங்காக்களையும் திறந்தவெளிகளையும் பட்டியலிட வேண்டும் என்பது இச்சட்டத்தின் அடிப்படை. பட்டியலில் இடம்பெற்ற நிலத்தை வேறு பயன்பாட்டுக்கு மாற்றுவதற்குத் தடை உண்டாகிறது. பட்டியலில் இடம்பெறாத நிலம் மக்களால் எத்தனை காலம் பூங்காவாகப் பயன்படுத்தப்பட்டிருப்பினும் வலுவிழந்து நிற்கிறது. பாதுகாப்பு என்பது முதலில் பதிவு என்பதை இச்சட்டமே ஏற்றுக்கொள்கிறது.

பிற்கால வளர்ச்சி விதிகள், 3000 சதுர மீட்டருக்கு மேற்பட்ட மனைகளில் சாலை நீங்கலாகப் பத்து விழுக்காட்டு நிலத்தைத் திறந்தவெளியாக ஒதுக்க வேண்டும் என வரையறுத்தன. குறிப்பிட்ட பரப்புக்கு உட்பட்ட மனைகளில் நிலத்திற்கு ஈடாகப் பணம் செலுத்தவும் வழி தரப்பட்டது. நிலம் தொகையாக மாற்றப்படும்போது, அத்தெருவில் அமைந்திருக்க வேண்டிய பூங்கா வரைபடத்தில் கூட இல்லாது போகிறது. தோன்றாத பூங்காவுக்காக வழக்கிடுவார் எவருமில்லை.

நீதிமன்ற வரலாற்றில் 1991ஆம் ஆண்டின் பெங்களூர் மருத்துவ அறக்கட்டளை வழக்கு இங்குப் பொருத்தமுடையது. பெங்களூரில் குடியிருப்புத் திட்டத்தில் பூங்காவுக்கென ஒதுக்கிய நிலம் தனியார் மருத்துவமனைக்கு வழங்கப்பட்டதை எதிர்த்து அப்பகுதி மக்கள் வழக்கிட்டனர். உச்சநீதிமன்றம் அம்மக்களின் வழக்குரிமையை ஏற்று, நில ஒதுக்கீடு செல்லாது என்னும் முடிவை உறுதிசெய்தது. மருத்துவமனையும் மக்களுக்குப் பயன்படுவதே என்னும் வாதம் அங்கு வெல்லவில்லை. ஒரு பொதுப் பயன் இன்னொரு பொதுப் பயனை அழிப்பதற்குரிய நியாயம் ஆகாது என்பதே அத்தீர்ப்பிலிருந்து பெறத்தக்க கருத்து. மக்கள் பூங்கா பகுதி பகுதியாகக் கொடுக்கப்பட்ட காலத்தில் இத்தகைய வாதத்தை முன்வைக்கச் சட்டவழியும் இல்லை. முன்வைப்பதற்குரிய அண்டை வீட்டாரும் திரளவில்லை.

எதிர்த்திசையில் நிகழ்ந்த மாற்றமும் ஒன்று உண்டு. கதீட்ரல் சாலையில் உட்லண்ட்ஸ் டிரைவ்-இன் உணவகம் இயங்கிய நிலம் அரசின் வசம் மீண்டு, 2010 நவம்பரில் செம்மொழிப் பூங்காவாகத் திறக்கப்பெற்றது. வணிகப் பயன்பாட்டில் இருந்த நிலம் பூங்காவாக மாறியது அரிய நிகழ்வு. எனினும் அங்கு நுழைவுக்கட்டணம் உண்டு. கட்டணச்சீட்டு வருகையாளரை எண்ணுவதற்கு உதவுகிறது. அதேவேளையில், கையில் காசின்றி நிழல் தேடி வருபவரை வாயிலிலேயே விலக்கியும் விடுகிறது. எண்ணுவதற்காகக் கட்டணம் விதிப்பது தீர்வாகாது. கட்டணமின்றியே பதிவுசெய்யும் முறையைக் காண்பதே தேவை.

அமைதியான பயன்பாட்டை ஆவணமாக்கல்

இத்தேவையை நிறைவேற்றும் வாய்ப்பு பல்கலைக்கழகங்களுக்கும் கல்லூரிகளுக்கும் உண்டு. முதலாவதாக, வாய்மொழி வரலாறு. உயிர்க் காலேஜைச் சிறுவயதில் கண்டவர்கள், மூர் மார்க்கெட்டின் பின்புறம் குளத்தருகில் அமர்ந்தவர்கள் இன்று முதுமையை எட்டியுள்ளனர். 1985க்கு முற்பட்ட மக்கள் பூங்காவை நேரில் அறிந்த தலைமுறையின் நினைவுகளைத் தொகுப்பதற்குரிய காலம் குறுகி வருகிறது. இரண்டாவதாக, குடும்பப் புகைப்படங்கள். பூங்காவில் எடுக்கப்பட்ட படங்களின் பின்னணியில் மரம், இருக்கை, பலகை, வேலி ஆகியன பதிந்திருக்கும். மூன்றாவதாக, கள எண்ணிக்கை. பூங்காவின் வாயிலில் விடியற்காலை முதல் இரவு வரை மணிநேர வாரியாக வருவோரை மாணவர்கள் எண்ணிப் பதிவுசெய்யலாம். பெயரோ படமோ இன்றி, நடப்பவர், அமர்பவர், உறங்குபவர், படிப்பவர், விளையாடுபவர் எனச் செயல்வகையில் பதிவதே போதும். நான்காவதாக, தோட்டக்காரர், காவலர், வாயிலில் பழமும் சுண்டலும் விற்போர் ஆகியோரின் அனுபவ அறிவு. எந்த மரத்தடிக்கு எந்நேரத்தில் வெயில் வரும், யார் எங்கு அமர்வர் என்பதை இவர்களைப் போல் அறிந்தவர் இலர்.

நண்பகலில் பூட்டப்படும் பூங்காக்கள் பற்றியும் இவ்வாய்வு வினா எழுப்ப இயலும். காலை, மாலை வேளைகளில் மட்டும் திறக்கும் பூங்கா நடைப்பயிற்சியாளருக்கு ஏற்றது. வெயிலில் உழைத்து நண்பகலில் சற்றுக் கண்ணயர நிழல் தேடுபவருக்கு அது மூடிய கதவே. நேரக் கணக்கீடு இன்றி இவ்விழப்பு கண்ணுக்குத் தெரிவதில்லை.

முடிவுரை

மேற்கண்ட ஆய்விலிருந்து பின்வரும் முடிவுகள் பெறப்படுகின்றன.

மக்கள் பூங்கா பெரும்பாலும் பொதுத் தேவைகளாலேயே சுருங்கியது. அப்பொதுத் தேவைகள் அளக்கத்தக்கனவாகவும், பூங்காவின் பயன் அளக்கப்படாததாகவும் இருந்தமையே அதற்கு முதன்மைக் காரணம்.

கோயில் நந்தவனத்திற்குக் கல்வெட்டு அளித்த உறுதியைப் பொதுப் பூங்காவுக்கு எந்த ஆவண மரபும் அளிக்கவில்லை. 1959ஆம் ஆண்டுச் சட்டம் நிலத்தைப் பட்டியலிட்டது. அந்நிலத்தின் பயன்பாடு பட்டியலுக்கு வெளியிலேயே நின்றது.

சுற்றிலும் குடியிருப்புகளைக் கொண்ட வட்டாரப் பூங்காக்கள், நாள்தோறும் வருவோரின் நினைவையும் கவனத்தையும் காவலாகக் கொண்டு நிலைத்துள்ளன. அக்காவல் பெருந்திட்டங்களின் முன் போதுமானதாக இல்லை.

பொதுப் பூங்காவில் தடையின்றி நுழைந்து அமரும் உரிமை தமிழகத்தில் போராட்டத்தால் பெறப்பட்ட உரிமை. ஆகவே பூங்காவின் இழப்பு பசுமையின் இழப்போடு நின்றுவிடுவதில்லை.

பூங்கா நகரில் இறங்கி ரிப்பன் மாளிகையின் பின்புறம் நடந்து செல்பவர் இன்றும் சிறிது நேரம் மரநிழலில் அமரலாம். அவர் அங்கு அமர்ந்திருந்தார் என்பதற்குச் சான்று வேண்டும். அச்சான்றே, அவருக்குப் பின் வருபவர்க்கும் அந்நிழல் எஞ்சியிருப்பதற்குரிய முதல் ஆவணமாகும்.